காரின் பெயிண்டில் பதிந்த இரும்புத்துகள்: கரைப்பதா, தேய்ப்பதா, அப்படியே விடுவதா?

காரைக் கழுவித் துடைத்து உலரவிட்ட பிறகும் பானெட்டில் கை வைத்தால் சொரசொரவென்று இருக்கும். வெள்ளைக் கார் என்றால் கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் டிக்கிக் கதவிலும் குண்டூசித் தலையைவிடச் சிறிய பழுப்புப் புள்ளிகள் கண்ணில் படும். ஷாம்பூ போட்டால் அசையாது, நகத்தால் சுரண்டினாலும் வராது. பெயிண்டின் மேலடுக்கில் குத்தி நின்று, அங்கேயே துருப்பிடிக்கத் தொடங்கிய இரும்புத்துகள்களாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதை எடுக்க வழி தேடப் போனால் இரும்பைக் கரைக்கும் மருந்து, க்ளே பார் (பெயிண்டில் தேய்த்து அழுக்கை எடுக்கும் பிசின் கட்டி), அமிலம், பாலிஷ் மெஷின் என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் மருந்து. அப்புறம் கையால் தொட்டுப் பார்ப்பது. க்ளே தேவையா என்ற கேள்வி அதற்கும் பிறகுதான் வர வேண்டும், அதுவும் அன்றைக்குப் பாலிஷ் போடும் உத்தேசம் இருந்தால் மட்டும். பாலிஷ் போடப் போவதில்லை என்றால், கொஞ்சம் சொரசொரப்பு மிச்சமிருந்தாலும் க்ளேயைத் தொடாமல் விடுவது மேல். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

துகள் எங்கிருந்து வருகிறது

பெரும்பங்கு பிரேக்கிலிருந்துதான் வருகிறது. கார்களின் பிரேக் டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் இரும்பு. பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கும் பேடும் உரசி, சூடான நுண்துகள்கள் தெறிக்கின்றன. கொஞ்சம் நம் சக்கரத்திலேயே அப்பிக்கொள்ளும். கொஞ்சம் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் பின்பக்க பம்பருக்கும் போகும். முன்னால் போகிற வண்டியின் துகள் நம் பானெட்டுக்கு வரும்.

அடுத்தது ரயில். சக்கரமும் தண்டவாளமும் உரசிக் கிளம்பும் துகள் பாதை ஓரத்தில் நிற்கும் வண்டிகள் மேல் படியும். தொழிற்சாலையிலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பப்படும் புதுக் கார்களும் இதற்குத் தப்புவதில்லை. அதனால் ஷோரூமிலிருந்து நேற்று வந்த கார் சுத்தமாக இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். மூன்றாவது, கிரைண்டர், வெல்டிங், வார்ப்படச் சாலை. கம்பி அறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பகல் நின்ற கார், பிரேக் தூசியில் ஒரு வருடம் ஓடிய காரைவிட மோசமாக இருக்கலாம். அந்தப் பொறிகள் பெரியவை, பெயிண்டில் விழும்போது நல்ல சூட்டில் இருப்பவை.

நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற அடுக்கின் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. சூடாக, கூராக வரும் துகள் அதில் பதிந்து நிற்கிறது. அதுவரை பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஈரம் பட்டதும் துரு பிடிக்கிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். பருத்த துகள் தன்னைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டை நெம்பி விரிசல் விடச் செய்கிறது, அந்த விரிசல் வழியாக இன்னும் ஈரம் இறங்குகிறது. வெள்ளையிலும் வெளிர் நிறங்களிலும் இந்தத் துருவின் கறை சுற்றிலும் கசிந்து பழுப்பாகத் தெரியும். கறுப்புக் காரிலும் அதே அளவு இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. வெள்ளைக்குத்தான் இந்த நோய் என்ற பேச்சு இப்படிக் கிளம்பியதுதான்.

முதலில் இது இரும்புதானா என்று பாருங்கள்

பழுப்பாகத் தெரிவதெல்லாம் வெளியிலிருந்து வந்த துகள் அல்ல. கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் காரின் தகடே துருப்பிடித்தாலும் அதே பழுப்புதான். அதை இந்தக் கட்டுரையில் வரும் எந்த வழியாலும் சரிசெய்ய முடியாது. சுரண்டி, பிரைமர் அடித்து, டச்-அப் செய்ய வேண்டிய வேறு வேலை அது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பிடித்த வழி பிளாஸ்டிக் பம்பரைப் பார்ப்பது. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. கதவில் இருக்கும் அதே புள்ளி பம்பரிலும் இருந்தால் அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதுதான், மேலே யோசிக்க வேண்டாம். தகட்டுத் துரு வேறு மாதிரி நடந்துகொள்ளும். விளிம்பு, கல்லடி பட்ட இடம் என்று ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் வரும், சுற்றிலும் பெயிண்ட் கொப்பளித்திருக்கும்.

அப்புறம் பை வைத்துப் பார்க்கும் சோதனை. காரை நன்றாகக் கழுவிவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு விரல் நுனிகளால் பெயிண்டை மெல்லத் தடவுங்கள். வெறும் விரலில் தோல் பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும்; பை வழுக்கிக்கொண்டு போவதால் மேடுகள் மட்டும் தனியாகத் தெரியும். வழவழப்பு என்று நினைத்துக்கொண்டிருந்த கூரை உப்புத்தாள் மாதிரி உணர வைப்பது இந்தச் சோதனைதான். கழுவாத காரில் செய்யாதீர்கள். பைக்கு அடியில் சிக்கும் மணல் கோடு போட்டுவிடும்.

ஆனால் சொரசொரப்பு எல்லாமே இரும்பும் இல்லை. தார், மரப்பிசின், எங்கிருந்தோ பறந்து வந்த பெயிண்ட் தூறல், சிமெண்ட், தண்ணீர் காய்ந்து விட்டுப்போன உப்பு எல்லாம் கைக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். இங்கேதான் மருந்து ஒரு சோதனைக் கருவியாகவும் உதவுகிறது. கதவின் அடியில் ஒரு சாண் இடத்தில் அடித்துப் பாருங்கள். ஓரிரண்டு நிமிடத்தில் ஊதாக் கோடுகள் வழிந்தால் இரும்பு இருக்கிறது. ஒன்றுமே நடக்காமல் சொரசொரப்பும் அப்படியே இருந்தால் நீங்கள் தேட வேண்டிய பொருள் வேறு.

கரைக்கும் மருந்து

அயர்ன் ரிமூவர், ஃபால்அவுட் ரிமூவர் என்ற பெயர்களில் விற்கும் பெரும்பாலான மருந்துகளில் வேலை செய்வது ஒரே குடும்பப் பொருள்தான்: தயோகிளைகோலேட், அமோனியம் உப்பாகவோ சோடியம் உப்பாகவோ. முடியைச் சுருட்டும் பெர்ம் கரைசலிலும் முடி நீக்கும் கிரீமிலும் இருப்பது இதே குடும்பம். அதனால்தான் அந்த அழுகிய முட்டை நாற்றம். வாசனைத் திரவியம் எவ்வளவு கலந்தாலும் கந்தகம் தலையைக் காட்டாமல் இருக்காது.

துருவில் இருக்கும் இரும்பு தண்ணீரில் கரையாது. தயோகிளைகோலேட் அந்த இரும்பைப் பிடித்து, தண்ணீரில் கரையக்கூடிய சேர்மமாக மாற்றுகிறது. அந்தச் சேர்மத்தின் நிறம்தான் நாம் பார்க்கும் கத்தரிப்பூ ஊதா. இந்த வகை மருந்துகளில் பல அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுநிலையை ஒட்டியே இருப்பதால் கிளியர் கோட்டுக்குத் தீங்கு இல்லை. தேய்க்காமலே வேலை நடக்கிறது என்பதுதான் மற்ற எல்லா வழிகளையும்விட இதற்கு இருக்கும் பெரிய பலம். பெயிண்டைத் தொடாத வழி கோடும் போடாது.

எப்படி அடிப்பது என்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். காரை ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகுதான் மருந்து. மேலே சேறு இருந்தால் மருந்து அதோடு மல்லுக்கட்டிவிட்டுக் கீழே இறங்குவதற்குள் தீர்ந்துவிடும். தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதும் அடிக்க வேண்டாம், நீர்த்துப்போகும். நிழல் வேண்டும், கையை வைத்தால் தகடு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக அடித்து, மூன்று முதல் ஐந்து நிமிடம், அல்லது புட்டியில் போட்டிருக்கும் நேரம் காத்திருக்கவும். நடுவில் காய ஆரம்பித்தால் உடனே கழுவிவிட வேண்டும். காய்ந்த மருந்து கறையாக நிற்கும், அதைப் போக்குவது இன்னொரு வேலை. நின்ற வாக்கில் இருக்கும் கதவுகளுக்குக் கொஞ்சம் கெட்டியான ஜெல் வகை நல்லது. தண்ணீர் போன்றது வேலையை முடிப்பதற்குள் தரைக்கு வந்துவிடும்.

ஊதா நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரங்களில் கார் முழுக்க ஊதா வழிவதைக் காட்டுவது அந்த மருந்தின் திறமை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நிறம் சொல்வது இரும்போடு வினை நடக்கிறது என்பதை மட்டும்தான். எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது. கறுப்புக் காரில் நிறமே தெரியாது; வழிந்து தரைக்கு வரும் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். நாள்பட்ட பெரிய துகளில் மேல் தோலை மட்டும் கரைத்துவிட்டு மருந்து ஓய்ந்துவிடும். அப்போது ஒரே முறையில் நிறைய அடித்து ஊறவைப்பதைவிட, கழுவிவிட்டு இரண்டாம் முறை அடிப்பதில்தான் பலன் அதிகம். இரண்டாம் முறை ஊதா குறைவாக வந்தால் நல்ல அறிகுறி.

மருந்து ஊறும்போது ஈரக் கையுறையால் லேசாகத் தேய்த்துவிடச் சொல்பவர்கள் உண்டு. சக்கரத்தில் பிரஷ் போட்டுத் தேய்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெயிண்டில் வேண்டாம் என்பேன். பாதி கரைந்து இளகிய இரும்பைத் துணிக்கு அடியில் வைத்து இழுத்தால் தேய்க்காத வழியின் முழு லாபமும் போச்சு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தோலில் ஒவ்வாமை வரக்கூடிய பொருள் இது. ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டமான இடம் கட்டாயம். பூசப்படாத வெறும் அலுமினியம், செம்பு போன்ற உலோகங்களை நிறம் மாற்றலாம். வெளிர்நிறத் தரையில் வழிந்து நின்றால் கறை விழும். சமீபத்தில் பெயிண்ட் அடித்த பேனலில் அடிக்குமுன் பெயிண்டரைக் கேட்டுவிட்டு, கண்ணுக்குப் படாத ஓரத்தில் சோதித்துப் பார்க்கவும். மெழுகு போட்டிருந்தால் அதன் பலம் குறையலாம். இதற்கெல்லாம் மேலே ஒரு சின்னத் தொல்லை: லோகோ எழுத்துகளின் பின்புறம், கண்ணாடியின் அடித்தண்டு, கைப்பிடியின் இடுக்கு, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் எல்லாம் மருந்து ஒளிந்துகொள்ளும். காரைத் துடைத்து முடித்து நிமிர்ந்த பிறகு அங்கிருந்து மெல்லிய ஊதாக் கோடு இறங்கி வெள்ளைக் கதவில் காயும். இந்த இடங்களை மட்டும் தனியாக ஒரு தரம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது பின்னால் வரும் எரிச்சலை மிச்சப்படுத்தும்.

க்ளே பார்

க்ளே என்று பெயர் இருந்தாலும் இப்போது கிடைப்பது நுண்ணிய உராய்பொருள் கலந்த செயற்கைப் பிசின். ஜப்பானிலிருந்து வந்தது. தடாவோ கொடாத்தே என்பவர் இதற்காக 1995ல் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமை இதை வளைந்து கொடுக்கும் சாணைக்கல்லாகத்தான் விவரிக்கிறது. க்ளே அழுக்கை உறிஞ்சி எடுக்கிறது என்று சொல்லி விற்கிறார்கள். உண்மையில் அது பெயிண்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பதைச் சீவுகிறது, பிய்த்தெடுக்கிறது, எடுத்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது.

இரும்பைப் பொறுத்தவரை சிக்கல் இந்தச் சீவுதலில்தான். மேலே நிற்கும் பாகம் போய்விட்டால் கைக்கு வழவழப்பாக இருக்கும், வேலை முடிந்த திருப்தியும் வரும். முள்ளைப் பிடுங்கப் போய் தலை ஒடிந்து நுனி சதைக்குள்ளேயே நின்றுவிடுவது போன்ற நிலை பெயிண்டுக்கு. உள்ளே இருக்கும் மிச்சம் தொடர்ந்து துருப்பிடிக்கும், சில மாதத்தில் அதே இடத்தில் அதே புள்ளி திரும்ப எட்டிப் பார்க்கும். க்ளே போட்டும் வந்துவிட்டதே என்று அலுத்துக்கொள்பவர்களின் காரில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, க்ளே பிடித்து வைத்த இரும்பு அதே க்ளேயோடு அடுத்த அடி தூரமும் பயணம் போகிறது. வழுக்கும் திரவம் எவ்வளவு தெளித்தாலும் மென்மையான கறுப்புப் பெயிண்டில் மங்கலான படலமோ மெல்லிய கோடுகளோ விழாமல் க்ளே போடுவது கஷ்டம். வெள்ளையில் அது கண்ணுக்குத் தெரியாததால் க்ளேயால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வெயிலில் நிறுத்தி, இல்லையென்றால் டார்ச் அடித்து, கறுப்பு பானெட்டைப் பாருங்கள்.

இந்தக் கோடுகளை எடுக்கப் பாலிஷ் போட வேண்டும். பாலிஷ் என்றால் கிளியர் கோட்டில் கொஞ்சத்தைக் கழிப்பது. அதனால்தான் க்ளே போடலாமா என்று கேட்பவரிடம் நான் பாலிஷ் போடப்போகிறீர்களா என்று திருப்பிக் கேட்கிறேன். ஆமாம் என்றால் தாராளமாகப் போடுங்கள்; விழுகிற கோடு எப்படியும் அடுத்த வேலையில் போய்விடும். பாலிஷ் பேடுக்கு அடியில் இரும்பு சிக்கி வட்ட வட்டமாகக் கிழிப்பதைத் தடுக்க, மிச்சமிருப்பதை முன்கூட்டியே எடுத்தும் ஆக வேண்டும். இல்லை, கழுவி மெழுகு மட்டும்தான் என்றால் இப்போது இல்லாத கோட்டை நீங்களே ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்?

க்ளேக்கு என்று ஒரு சாம்ராஜ்யம் உண்டு, அதை மறுக்கவில்லை. பெயிண்ட் தூறல், மரப்பிசினின் மிச்சம் போன்றவற்றுக்கு அயர்ன் ரிமூவர் ஒன்றும் செய்யாது, அங்கே க்ளேதான். கண்ணாடியிலும் பயமில்லாமல் போடலாம்; கண்ணாடி கடினம், நல்ல க்ளே அதைக் கீறாது.

போடுவதாக முடிவெடுத்தால் மிருதுவான வகையில் தொடங்குங்கள். கட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாக்கிக்கொள்ளவும். பெயிண்டிலும் க்ளேயிலும் வழுக்கும் திரவம் தாராளமாக இருக்க வேண்டும். வட்டமாக வேண்டாம், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும், அழுத்தமே இல்லாமல். ஆரம்பத்தில் சரசரவென்று பிடித்து இழுக்கும்; சில இழுப்புகளில் சத்தம் அடங்கி வழுக்க ஆரம்பிக்கும். அங்கே நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்பும் வீண். திருப்பிப் பார்த்தால் க்ளேயின் முகத்தில் பழுப்புப் பொட்டுகள் ஏறியிருக்கும். மடித்துப் பிசைந்து புது முகத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த இடத்துக்குப் போகலாம். கை தவறித் தரையில் விழுந்த துண்டைக் கழுவிப் பயன்படுத்தும் சிக்கனம் மட்டும் வேண்டாம். மணல் ஏறிய க்ளே சாணைத்தாள்தான், குப்பையில் போடுங்கள்.

க்ளே பூசிய கையுறையும் துணியும் கிடைக்கின்றன. வேகமாக முடியும், தரையில் விழுந்தாலும் அலசிக்கொள்ளலாம், பல கார்களுக்கு வரும். மடிக்க முடியாது என்பது குறை. எடுத்த அழுக்கு முகத்திலேயே நிற்பதால் அடிக்கடி அலச வேண்டும். வேலை நிறைய இருப்பவர்களுக்கு வசதி. ஒரே ஒரு கறுப்புக் காரை வைத்திருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

அமிலமும் கைவைத்தியமும்

தயோகிளைகோலேட் மருந்துகள் பரவலாவதற்கு முன் இந்த வேலைக்குப் பேர்போனது ஆக்ஸாலிக் அமிலம். அது துருவைக் கரைக்கும், அதில் சந்தேகமில்லை. காரத் திரவம், அமிலத் திரவம், கடைசியில் ஷாம்பூ என்று மூன்று படியாகக் கழுவும் முறையில் நடுப்படியாக அமிலம் வருவதுண்டு. மருந்தை இரண்டு முறை அடித்தும் அசையாத கடுமையான ரயில் துகளுக்கு அனுபவமுள்ளவர்கள் இன்றும் அமிலத்துக்குப் போகிறார்கள். ஆனால் ஆக்ஸாலிக் நச்சு. உடலுக்குள் போனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெறும் உலோகத்தை அரிக்கும். எவ்வளவு நீர்க்க வேண்டும், எத்தனை நிமிடம் விடலாம் என்பதெல்லாம் கைப்பழக்கத்தில் வர வேண்டியவை. வீட்டில் ஒரு காருக்காக இதைப் பழகிக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து.

சக்கரம் கழுவ விற்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளூரைடோ இருக்கும். பெயிண்டுக்கு மட்டுமல்ல, கைக்கே ஆபத்து. தோல் வழியாக இறங்கி எலும்பு வரை பாதிக்கக்கூடியது. புட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல், இரும்பை எடுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கதவில் அடித்துவிடாதீர்கள்.

எலுமிச்சை, வினிகர், கோலா எல்லாமே அமிலம்தான், ஆனால் பலவீனமான கரைசல். வேலை செய்யும் அளவுக்கு ஊறவைத்தால் பெயிண்டில் தடம் விழலாம். தடம் விழாத அளவுக்கு விட்டால் வேலை நடக்காது. காந்தம் வைத்து இழுக்கலாமா என்று கேட்பார்கள். நல்ல யோசனைதான், ஆனால் துருவாக மாறிய இரும்பு காந்தத்துக்கு அவ்வளவாக மசியாது, பதிந்திருப்பதை அது பிடுங்கவும் செய்யாது. பற்பசை வெறும் உராய்பொருள். எஃகுக் கம்பளியால் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். பெயிண்டைக் கிழிப்பதோடு புதிதாக இரும்பையும் போட்டுவிட்டுப் போகும் ஒரே வைத்தியம் அதுதான்.

நேராக மெஷின் பாலிஷுக்குப் போவதைப் பற்றி ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டேன். காம்பவுண்டு என்ற உராயும் பசையைப் போட்டு அரைத்தால் புள்ளி போகும், உண்மை. இரும்பு பதிந்திருக்கும் ஆழத்துக்குச் சமமாகக் கிளியர் கோட்டையும் அரைக்கிறோம் என்பதுதான் அதன் விலை.

ஒன்றும் செய்யாமல் விடுவது

இதையும் ஒரு தேர்வாக எடுத்துக்கொள்ள வேண்டும். கிளியர் கோட் ஏற்கெனவே வெளுத்து உரியத் தொடங்கிய பழைய காரில் மருந்து, க்ளே என்று அலைவதில் அர்த்தமில்லை. கழுவி ஓட்டுங்கள். நல்ல பெயிண்டில் லேசான சொரசொரப்பு மட்டும் இருந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதிலும் பெரிய நஷ்டமில்லை. புள்ளியைச் சுற்றிக் கறை பரவ ஆரம்பித்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. அங்கே பள்ளம் ஆழமாகிக்கொண்டிருக்கிறது.

செய்யக் கூடாத ஒன்று, துகளை அப்படியே வைத்து மேலே பூசுவது. மெழுகு என்றால் பரவாயில்லை, அது சில மாதத்தில் போய்விடும். செராமிக் கோட்டிங் என்ற, நீண்ட நாள் நிற்கும் கெட்டியான பூச்சைப் போட்டால் துகளையும் சேர்த்துப் பூட்டிவிட்ட மாதிரி. பிறகு கோட்டிங்கை அரைத்து எடுத்தால்தான் வழி.

எந்தக் காருக்கு எது

புதுக் காருக்கு மருந்து ஒரு முறை போதும். பை வைத்துப் பார்த்துவிட்டு மெழுகோ கோட்டிங்கோ போடலாம். புதுக் கார் என்பதாலேயே க்ளே போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

வெள்ளை, வெள்ளிக் கார்களில் புள்ளி நன்றாகத் தெரிகிறது என்றால் மருந்து இரண்டு முறை. அதற்கப்புறமும் கைக்கு முள் போல் தட்டுகிற இடங்களில் மட்டும் மிருதுவான க்ளே. இந்த நிறங்களில் லேசான கோடு தெரியாது என்பதால் என் விதியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். துகள் போன பின்னும் கறை வட்டம் நின்றால் அந்த இடத்தில் மட்டும் கையால் பாலிஷ்.

கறுப்பு, கருநீலம் என்றால் மருந்தோடு நிறுத்துங்கள். ஐந்தில் நான்கு பங்கு வழவழப்பே போதும். மிச்சத்தை அடுத்து பாலிஷ் போடும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்ட காரில் க்ளே கோட்டிங்கையே தேய்த்துக் குறைக்கும். மருந்து மட்டும்தான். இங்கே கூடுதலாக ஒரு லாபம் உண்டு: தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் படர ஆரம்பித்ததும் கோட்டிங் செத்துவிட்டது என்று நினைப்போம், இரும்பையும் மற்ற அழுக்கையும் எடுத்ததும் பல சமயம் பழையபடி உருளும். புதுக் கோட்டிங்குக்குப் பணம் கட்டுமுன் இதைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

கிளியர் கோட் இல்லாத பழங்காலப் பெயிண்டில் க்ளேயிலும் துணியிலும் காரின் நிறமே ஏறும். பயப்பட வேண்டாம், அந்தப் பெயிண்டின் சுபாவம் அது. ஆனால் மருந்தையும் க்ளேயையும் மறைவான ஓரத்தில் சோதிக்காமல் இறங்காதீர்கள்.

கிரைண்டர் பொறி பட்ட கார் தனி வகை. பொறி கண்ணாடியிலும் பதிந்திருக்கும். எடுத்த பின் அங்கே சின்னக் குழி நின்றால் அது போகாது. பெயிண்டில் மருந்து மூன்றாவது முறை வரை தேவைப்படலாம், அதன் பின் க்ளேயும் பாலிஷும் கிட்டத்தட்ட நிச்சயம். இதை காரைச் சுத்தம் செய்து மெருகேற்றும் அனுபவமுள்ள டீட்டெய்லிங் ஆளிடம் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: க்ளேக்கு முன் கரைக்கும் மருந்து அடிப்பீர்களா? தேவையில்லை, க்ளே போட்டாலே எல்லாம் வந்துவிடும் என்று பதில் வந்தால் வேறு கடை பார்க்கலாம்.

சக்கரங்களைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. அங்கே சூடும் இரும்பும் அதிகம், மருந்து தாராளமாக, பிரஷோடு. டிஸ்க்கில் பட்டால் நன்றாக அலசிவிட்டு, மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து டிஸ்க்கைக் காயவிட்ட பிறகே நிறுத்துங்கள். ஈரத்தோடு நின்றால் டிஸ்க்கில் அன்றே துரு படரும்.

தார் இருக்கும் காரில் எதை முதலில் எடுப்பது என்று ஒரு ஓயாத விவாதம் உண்டு. தார் இரும்பை மூடிக்கொண்டிருக்கும் என்பதால் தார் எடுக்கும் திரவத்தை முதலில் போட்டு, ஷாம்பூவால் கழுவிவிட்டு, அதற்குப் பின் இரும்பு மருந்து என்பது என் வரிசை. மாற்றிச் செய்தாலும் குடிமுழுகிவிடாது, இரும்பு மருந்து கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

எத்தனை மாதத்துக்கு ஒரு முறை என்பதற்குப் பொதுவான கணக்கு கிடையாது. நெரிசலில் பிரேக் மிதித்தே ஓட்டும் காருக்கு வருடத்தில் இரண்டு தடவை வேண்டியிருக்கலாம், நெடுஞ்சாலைக் காருக்கு ஒன்றே அதிகம். பிரேக்கை அதிகம் நம்பாமல் மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் மின்சாரக் கார்களில் சொந்தத் தூசி குறைவு. பக்கத்து வண்டியின் தூசிக்கு அவையும் தப்பாது. மருந்து கலந்த ஷாம்பூக்கள் இடைப்பட்ட நாட்களில் புதிதாக ஒட்டியதை இளக்க உதவும், பழைய துகளை அவற்றால் எடுக்க முடியாது.

இரும்பு போன இடத்தில் நுண்ணிய குழி மிஞ்சும். வெயிலைக் கோணலாக வாங்கிப் பார்த்தால் வெள்ளையில்கூடத் தெரியும். அதை நிரப்பும் மருந்து எதுவும் இல்லை. மெழுகு கொஞ்ச நாள் மறைக்கும், பாலிஷ் விளிம்பை மழுப்பும். மருந்தோ க்ளேயோ போட்ட அன்றே ஏதாவது ஒரு பூச்சு போட்டுவிடுங்கள். பழைய மெழுகு போய் வெறுமையாக நிற்கும் பெயிண்டில் அடுத்த துகள் ஏறுவது சுலபம், பூச்சு இருந்தால் அது ஆழமாக இறங்காமல் மருந்துக்குச் சீக்கிரம் வழிவிடும்.